நாள்கெழமை அண்ணனின் காலிப் பக்கம்

ரேடியோவைக் கண்டுபிடித்தவர் யார் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் அந்த ரேடியோவுக்கும், அதன் பின்னால் வந்த டி.வி.க்கும், இரண்டிலும் ஓடிய பாட்டுகளுக்கும் பிறந்தநாள், நினைவுநாள், காதுகுத்து, வளைகாப்பு எல்லாவற்றையும் தனி ஆளாக எடுத்து நடத்துகிறவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். சிங்காநல்லூரில் எங்கள் வீதி முனையில் பேக்கரி வைத்திருக்கிறார். அவருக்கென்று ஒரு பெயர் லைசென்ஸில் எங்காவது இருக்கும். எங்களுக்கு அவர் நாள்கெழமை அண்ணன்.

கோயமுத்தூரில் பேக்கரி என்றால் கேக் வாங்கப் போகிற இடம் மட்டும் அல்ல. காலையிலும் மாலையிலும் பாதி ஊர் அங்கேதான் நின்றுகொண்டு டீ குடிக்கும். எல்லா பேக்கரி வாசலிலும் 'சூடான பஃப்ஸ்' என்று ஒரு போர்டு இருக்கும். எங்கள் பேக்கரியில் அதற்கு மேலே ஒரு கரும்பலகையும் உண்டு. காலை ஆறு மணிக்கு அண்ணன் அதில் அன்றைய விசேஷத்தை எழுதிவிடுவார். 'இன்று: நம் வீதிக்கு முதல் கலர் டி.வி. வந்த நாள். யாரையும் உள்ளே விடவில்லை.' 'இன்று: கடைசி ஓவரில் கரண்ட் போன நாள். இன்னும் மனசு ஆறவில்லை.' 'இன்று: மாமியார் சீரியல் முடிந்த நாள்.'

வெறுமனே எழுதிப் போடுவதோடு விட்டால் அவர் ஏன் நாள்கெழமை அண்ணன்? அனுஷ்டானமும் உண்டு. ஒரு பாடகரோ பாடகியோ மறைந்த நாள் என்றால் பஃப்ஸில் முட்டை கிடையாது, பன்னில் கிரீம் கிடையாது. காலை எட்டு மணிக்கு எல்லோரும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். அதற்குள் டீயில் ஆடை படிந்துவிடும். உக்கடத்திலிருந்து முட்டை கொண்டுவந்து போடும் பாய், டெலிவரிக்கு முன் போன் போட்டு, "ஏனுங்கண்ணா, இன்னைக்கு யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் வண்டியைக் கிளப்புவார்.

இதற்கெல்லாம் ஆதாரம் ஒரு தடித்த நோட்டு. நாளுக்கு ஒரு பக்கமாக முன்னூற்று அறுபத்தாறு பக்கம். பிப்ரவரி இருபத்தொன்பதுக்குக்கூட ஒரு பாட்டு வெளியான செய்தி வைத்திருந்தார். சட்டதிட்டம் மூன்று. சங்கதி ரேடியோ, டி.வி., பாட்டு மூன்றில் ஒன்றைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இரண்டு சாட்சி வேண்டும். அவரவர் பெருமையை அவரவரே எழுதக்கூடாது. நோட்டைத் தொடும் உரிமை அண்ணனுக்கு மட்டும்தான். அவர் மனைவி சரசக்காகூட முப்பது வருஷத்தில் அதன் அட்டையைத் தொட்டதில்லை.

சரசக்காதான் அங்கே கேக் மாஸ்டர். அளந்துதான் பேசும். அன்றைய விசேஷத்தை ஒரு சின்ன கேக்கின் மேல் கிரீமில் எழுதிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதும் அக்காவின் வேலை. நாள் தவறாமல் எழுதிக் கொடுக்கும். அப்படி எழுதிக் கொடுக்கும் மனைவியின் பிறந்தநாள் மட்டும் அண்ணனுக்கு ஞாபகமே இருக்காது. கேட்டால், "அது ரேடியோவுல வரலீங்களே" என்பார்.

ஒருமுறை இந்தக் கேக்கால் பெரிய ரகளை. பக்கத்து அபார்ட்மெண்டில் ஒரு குழந்தைக்கு முதல் பிறந்தநாள். ஒரு பெரிய பாடகரின் நினைவுநாளும் அன்றுதான். இரண்டு கேக்கும் ஒரே மாதிரி அட்டைப் பெட்டியில் மேஜைமேல் இருந்தன. அண்ணன் தன் கையால் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மண்டபத்தில் எல்லோரும் கை தட்ட ஆயத்தமாக நிற்க, பெட்டியைத் திறந்தால் 'ஆழ்ந்த அஞ்சலி'. குழந்தையின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேக்கரிக்கு வந்துவிட்டார். நாங்கள் எல்லாம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டோம். அண்ணன் அசரவில்லை. "கோவிச்சுக்காதீங்க. எவ்வளவு பெரிய கலைஞர் போன நாள்ல உங்க பாப்பா வந்துருக்குது. தொண்டை எப்படி இருக்கும்னு நெனைச்சுப் பாருங்க" என்றார். அப்பா யோசித்தார். குழந்தை ராத்திரியெல்லாம் அழுவதைப் பற்றி விசாரித்த அண்ணன், அது எந்தச் சுருதி என்பதையும் சொன்னார். அந்தப் பாப்பா இப்போது பாட்டு வகுப்புக்குப் போகிறாள். அவள் பாடுவதை நான் கேட்டிருக்கிறேன், அதனால் மேற்கொண்டு எதுவும் சொல்ல விரும்பவில்லை.

இத்தனை இருந்தும் அந்த நோட்டில் ஒரே ஒரு பக்கம் காலி. ஜூலை மாதத்தில் ஒரு நாள். தேதியைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பத்துப் பேராவது ஏதாவது ஒரு சங்கதியைத் தூக்கிக்கொண்டு பேக்கரிக்குப் போவீர்கள். அந்த நாளில் உலகத்தில் எதுவும் நடக்கவில்லை என்று சொல்லவில்லை. அண்ணனின் சட்டத்துக்கு உட்பட்டு எதுவும் நடக்கவில்லை. வருஷா வருஷம் அன்று கரும்பலகை துடைத்தபடி வெறுமனே இருக்கும். அண்ணன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். டீயும் அன்று வாயில் வைக்க விளங்காது.

முட்டை பாய் தன் அப்பாவின் டேப் ரிக்கார்டர் அன்றுதான் கேசட்டை மென்று தின்றது என்றார். சாட்சி கேட்டதற்கு, டேப் ரிக்கார்டரும் இல்லை, அப்பாவும் இல்லை. சர்ச் பாடகர் குழுவில் இருக்கும் ஸ்டெல்லா டீச்சர், தங்கள் பாட்டு ரேடியோவில் வந்தது அன்றுதான் என்று நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். விசாரித்ததில் அது முந்தின நாள். நானும் சும்மா இருக்கவில்லை. எங்கள் மாமா டி.வி. வினாடி வினாவில் கலந்துகொண்ட நாள் என்று ஒரு புளுகை எடுத்துவிட்டேன். அண்ணன் நோட்டைக்கூடத் திறக்கவில்லை. "அது ஞாயித்துக்கெழமை மட்டும் வர்ற நிகழ்ச்சிங்க அம்மணி. நீங்க சொல்ற வருசம் அன்னைக்குப் புதன்" என்றார். ஒரு வாரம் எனக்கு நேற்றைய பன்தான் கிடைத்தது.

போன வருஷம் விஷயம் முற்றிவிட்டது. ஜூன் கடைசியில் ஒரு நாள் நோட்டைக் கல்லாமேல் வைத்துக்கொண்டு அண்ணன் எங்களிடம் சொன்னார். "எனக்கும் அறுவது ஆச்சுங்க. ஒரு பக்கம் ஓட்டையா இருக்கற புஸ்தகத்த வெச்சு என்ன பண்றது? இந்த வருசமும் காலியாப் போச்சுன்னா கிழிச்சு பன்னு மடிக்க எடுத்துக்கறேன்."

கிண்டல் பண்ணலாம் என்று வாயைத் திறந்த நான் மூடிக்கொண்டேன். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சமையலறைக் கதவுப் பக்கம் நின்றிருந்த சரசக்கா உள்ளே போய்விட்டது.

பொய் அவரிடம் செல்லாது. அப்படியானால் அந்தத் தேதியில் உண்மையாகவே ஒன்றை நடத்திவிட வேண்டியதுதான் என்று தோன்றியது. எஃப்.எம்.மில் காலையில் நேயர்களோடு பேசும் ஒரு நிகழ்ச்சி உண்டு. அவர்களுக்கு அண்ணனைப் பற்றி எழுதினேன். பதில் வரும் வரை விடாமல் எழுதினேன். அந்த நாளில் நேரலையில் கூப்பிடுவதாகச் சொன்னார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. எட்டே காலுக்குக் கல்லாவில் இருந்த போன் அடித்தது. அறிவிப்பாளப் பெண் வணக்கம் சொன்னதுமே கடை ரேடியோ 'கீ' என்று ஊளையிட ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் ரேடியோ ஓடினால் அப்படித்தான் ஆகும், சத்தத்தைக் குறையுங்கள் என்று அந்தப் பெண் கெஞ்சினாள். அண்ணன் மறுத்துவிட்டார். "நீங்க அதுல பேசிட்டிருக்கீங்க. பேசறவங்கள எப்படிங்க அமத்தறது? மரியாதை இல்லீங்களே" என்றார். பாய் தாவிப் போய் ரேடியோவை அணைத்தார். அதனால் அண்ணன் பேசுவது ரேடியோவில் எப்படி வருகிறது என்று எங்களுக்குக் கேட்கவில்லை. பாதிப் பேர் எதிரே டெய்லர் கடைக்கு ஓடினோம்.

அங்கே ரேடியோவில் அண்ணன் குரல் கணீரென்று வந்தது. இன்றைக்கு என்ன விசேஷம் என்று அந்தப் பெண் ஆசையாகக் கேட்டாள்.

"இன்னைக்கு ஒண்ணுமே இல்லீங்க" என்றார் அண்ணன். "முப்பது வருசமாத் தேடிப் பாத்துட்டனுங்க. உங்களுக்கு ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லுங்க." அவளுக்கும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு பாட்டைப் போட்டுவிட்டாள்.

நாங்கள் திரும்பி ஓடிவந்து, நீங்கள் ரேடியோவில் வந்த நாள் இது, எழுதுங்கள் என்று கத்தினோம். அண்ணன் பேனாவை எடுத்தார். பிறகு வைத்துவிட்டார். "எனக்கே கேக்கலீங்களே. அதுமில்லாம என்ற பெருமைய நானே எழுதக்கூடாதுங்க. சட்டம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்." சொல்லிவிட்டு நோட்டைப் பழைய பேப்பர் கட்டின்மேல் வைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படி ஒரு மனுஷனை என்ன செய்வது?

அப்போது உள்ளேயிருந்து சரசக்கா வந்தது. ஒரு காதில் செல்போன் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. கையில் ஒட்டியிருந்த கிரீமைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, நோட்டை எடுத்து, காலிப் பக்கத்தைப் பிரித்து, பேனாவையும் எடுத்துக்கொண்டது. அண்ணன் தடுக்க மறந்துபோய் நின்றார். கேக்கில் எழுதும் அதே குண்டு எழுத்தில் அக்கா எழுதியதை நான் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். 'இன்று எங்க ஊட்டுக்காரர் ரேடியோவில் பேசினார். நான் கேட்டேன். குரல் நல்லா இருந்துச்சு.'

அண்ணன் அதைக் குனிந்து படித்தார். "நேரம் போடலியே" என்றார்.

"எட்டே காலு" என்றது அக்கா.

"இன்னொரு சாட்சி?"

"வீதியே நிக்குதுல்ல. நிமுந்து பாருங்க."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு அக்காவிடமிருந்து நோட்டை வாங்கிப் பழையபடி கல்லாமேல் வைத்துக்கொண்டார்.

இந்த வருஷம் அதே நாளில் காலையிலேயே பேக்கரிக்குப் போனேன். கரும்பலகையில் 'இன்று: பக்கம் நிறைந்த நாள்' என்று இருந்தது. பஃப்ஸில் முட்டையும் இருந்தது. எட்டே காலுக்கு எங்களையெல்லாம் டீ கிளாஸைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, அண்ணன் கேக்கை வெட்டி முதல் துண்டைச் சரசக்காவுக்குக் கொடுத்தார். பிறகு சத்தமில்லாமல் என்னைக் கூப்பிட்டு, "அம்மணி, உங்க சரசக்காவுக்குப் பொறந்தநாளு எப்பங்க? கேக்கறதுக்கு வெக்கமா இருக்குது" என்றார்.

சொன்னேன். நோட்டில் அந்தப் பக்கத்தை எடுத்து, அங்கே ஏற்கெனவே இருந்த ஒரு பெரிய பாடகிக்கு மேலே, இடமில்லாத இடத்தில் இடுக்கி இடுக்கி எழுதினார். அது எந்த ரேடியோவிலும் வரவில்லையே என்று நான் கேட்கவில்லை. என் டீயில் ஆடை படிந்துவிட்டது. அதை அப்படியே குடித்தேன். அவ்வளவு நல்ல டீயை நான் அந்தக் கடையில் குடித்ததே இல்லை.