ஓர் உள்ளங்கை வலப்பக்கம்

இந்த ஒரு விஷயத்திலாவது வீட்டில் தன் பேச்சு எடுபட வேண்டும் என்று ஆர்லின் ஹௌகன் முடிவு கட்டிவிட்டார். சோபா வாங்கியபோது மனைவி லவோன் பேச்சு. நாய் வாங்கியபோது லவோன் பேச்சு. நாய்க்குப் பெயர் வைத்தபோது நாயைக்கூடக் கேட்டார்கள், அவரைக் கேட்கவில்லை. ஆனால் துப்பாக்கி? அது ஆண்பிள்ளை சமாசாரம் அல்லவா?

விஸ்கான்சின் குளிர் இறங்குவதற்குள், ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் டார்சியோடு சேர்ந்து கொட்டகைக்குப் பின்னால் காலி டப்பாக்களைச் சுட்டு விளையாடலாம் என்று குடும்பத்தில் பேச்சு. அதற்குச் சின்னத் தோட்டா போடுகிற பாயின்ட் டூ-டூ ரைபிள் போதும். ஆனால் 'போதும்' என்ற சொல் ஆர்லினுக்குப் பிடிக்காது. டவுன் கடையில் அவர் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். கன்னங்கரேல். மேலே தொலைநோக்கி. முன்னால் மடக்குக் கால்கள். அதைத் தூக்கிக்கொண்டு நின்றால் பக்கத்து மாநிலமே சரணடைந்துவிடும் போலிருந்தது.

"டப்பா சுடறதுக்கு எதுக்குத் தொலைநோக்கி? டப்பா என்ன நிலாவுலயா இருக்கு?" என்றாள் லவோன்.

"உனக்கு என்ன தெரியும் லவோன்? உனக்குத் தெரிஞ்ச சுடறதெல்லாம் பான்கேக் சுடறதுதான்."

"அதுலயாவது குறி தப்பாம தினம் உன் தட்டுல விழுதே!"

"இருபத்தஞ்சு தோட்டா போகும் அந்தத் துப்பாக்கியில!"

"அஞ்சு நிமிஷத்துல தோட்டாப் பெட்டி காலியாகும். டார்சியால அதைத் தூக்கவே முடியாது. ஒரு தோட்டா போடணும், நிதானமாப் பார்க்கணும், சுடணும், எங்க பட்டுதுன்னு யோசிக்கணும். கத்துக்கற பொண்ணுக்கு அதான் வேணும். கிளெட்டஸ் தன்னோட பழைய ரைபிளை விக்கறாராம். மிச்சக் காசுல துவைக்கிற மிஷினை மாத்திடலாம்."

துவைக்கிற மிஷினைப் பற்றி ஆர்லினால் வாதாட முடியவில்லை. ஓட ஆரம்பித்தால் அது நிலவறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துபோகும். போன மாதம் கதவை அடைத்துக்கொண்டு நின்று, லவோனை மதியம்வரை சிறைவைத்தது.

பக்கத்துப் பண்ணைக் கிளெட்டஸ் நல்ல மனிதர். தன் பெண்கள் மூவரும் சுடப் பழகிய ரைபிளைக் கொண்டுவந்து கொடுத்தார். மரக்கட்டைப் பிடி. ஒரு நேரத்துக்கு ஒரே தோட்டா. "சனிக்கிழமை நானும் வரேன். சுட்டுப் பாருங்க. பிடிச்சா எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் ஆர்லினுக்கு யோசனை பிறந்தது. பிறந்தபோதே பல்லோடு பிறந்தது.

சனிக்கிழமை காலை லவோனும் டார்சியும் டவுனுக்குப் போன நேரம். லவோனின் தையல் மிஷின் பெட்டியிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்தார். ரைபிளின் முதுகில், குறி பார்க்கும் பின்தகட்டைத் தளர்த்தி, இடப்பக்கம் ஒரு மயிரிழை நகர்த்தினார். பிறகு மண்மேட்டில் ஓர் அட்டையை நட்டுச் சுட்டுப் பார்த்தார். குண்டு ஓர் உள்ளங்கை அகலம் இடப்பக்கம் தள்ளி விழுந்தது. மறுபடி சுட்டார். மறுபடி அதே உள்ளங்கை. பிரமாதம்!

இனி கணக்கு எளிது. ரகசியம் தெரிந்த ஆர்லின் ஓர் உள்ளங்கை வலப்பக்கம் குறிவைத்து டப்பாக்களைச் சாய்ப்பார். தெரியாத மற்றவர்கள் கோட்டை விடுவார்கள். உடனே அவர் பெருமூச்சு விட்டு, 'இந்த ரைபிள் கைதேர்ந்தவனுக்குத்தான் அடங்கும். உங்களை மாதிரிப் புதுசுங்களுக்குத் தொலைநோக்கி வெச்சதுதான் சரி' என்பார். பெருமூச்சைக்கூட ஒத்திகை பார்த்துக்கொண்டார்.

மதியம் மண்மேட்டின் முன்னே ஒரு பலகை. அதன்மேல் ஐந்து டப்பாக்கள், கை நீள இடைவெளியில். எல்லோர் காதிலும் அடைப்பான், கண்ணில் கண்ணாடி. கிளெட்டஸ் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்திருந்தார்.

"நீயே முதல்ல சுடு, செல்லம்" என்றாள் லவோன். "நாங்க பார்த்துக் கத்துக்கறோம்."

லவோன் 'செல்லம்' என்றால் வழக்கமாக ஆர்லின் உஷாராகிவிடுவார். அன்று வெற்றிமயக்கத்தில் உஷாராக மறந்துவிட்டார்.

முதல் டப்பாவுக்கு ஓர் உள்ளங்கை வலப்பக்கம் குறிவைத்துச் சுட்டார். டப்பாவுக்கு ஓர் உள்ளங்கை வலப்பக்கம் மண் தெறித்தது. டப்பா அசையவில்லை.

இரண்டாவது. மண். மூன்றாவது. மண். நாலாவது. மண். ஐந்தாவதும் மண்ணுக்கே போயிற்று.

"ஆர்லின், டப்பா இந்தப் பக்கம் இருக்கு" என்றார் கிளெட்டஸ், உதவி செய்கிற குரலில்.

"இல்ல, இது இடப்பக்கம்தானே இழுக்க..." என்று ஆரம்பித்த ஆர்லின் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எது இடப்பக்கம் இழுக்கணும், செல்லம்?"

"காத்து! காத்து இடப்பக்கம் இழுக்குதுன்னு சொல்ல வந்தேன்."

சோளக்கொல்லையில் ஓர் இலை ஆடவில்லை.

அடுத்து லவோன். நாலு டப்பா விழுந்தது. டார்சி, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுட்டு, மூன்றை வீழ்த்திவிட்டு "அப்பா, பார்த்தீங்களா!" என்று குதித்தாள். ஆர்லின் பார்த்தார். பார்க்காமல் என்ன செய்வது?

"ரைபிள்ல ஏதாவது கோளாறா?" என்று கிளெட்டஸ் கவலையோடு கேட்டார். "விக்கற பொருள்ல குறை இருந்தா என் மனசு கேக்காது."

லவோன் ஆர்லினைப் பார்த்தாள். ஆர்லின் பூமியைப் பார்த்தார். அது பிளக்கவில்லை.

"ரைபிள் தங்கம், கிளெட்டஸ்" என்றாள் லவோன். "ஆர்லினுக்கு ராத்திரி சரியாத் தூக்கமில்லை. அவ்வளவுதான்."

ஆர்லினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரைபிளை அப்போதே எடுத்துக்கொண்டார்கள். டார்சி மறுபடி டப்பாக்களை அடுக்கினாள். இந்தத் தடவை ஆர்லின் உள்ளங்கையை எல்லாம் மறந்து நேரே பார்த்துச் சுட்டார். 'டங்' என்றது. இன்னொரு 'டங்'. தொலைநோக்கி இல்லாமலே! சிறுபிள்ளை மாதிரி அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கறுப்புப் பூதத்துக்கு ஏன் ஆசைப்பட்டோம் என்றுகூடத் தோன்றியது.

கிளெட்டஸ் போனபின், டப்பாக்களைப் பொறுக்கும்போது ஆர்லின் லவோனிடம் மெல்லக் கேட்டார்: "எப்படித் தெரிஞ்சுது?"

"திருப்புளியைத் துடைச்சு வெச்சிருந்தே. நீ எதையாவது எடுத்த இடத்துலயே துடைச்சு வெச்சா, பெருசா ஏதோ பண்ணியிருக்கேன்னு அர்த்தம். ரைபிளைப் பார்த்தேன். கிளெட்டஸ் தன் பொண்ணுங்களுக்காகத் தகட்டுப் பக்கத்துல வெள்ளைக் கோடு போட்டிருக்காரு. தகடு கோட்டை விட்டு நகர்ந்திருந்துது. திருப்பி வெச்சுட்டேன்."

"சொல்லிக் காட்டாம விட்டியே, நல்லவ நீ" என்றார் ஆர்லின். ஆனாலும் ஒரு சந்தேகம் உறுத்தியது. "நான் மட்டும் கடைசி நேரத்துல மனசு மாறி நேரே குறிவெச்சிருந்தா? அஞ்சையும் அடிச்சிருப்பேனே! உன் திட்டம் என்ன ஆகியிருக்கும்?"

லவோன் அவர் கன்னத்தைத் தட்டினாள்.

"அப்படியெல்லாம் பண்ணமாட்டே, செல்லம். உன்மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை."