அலையாத்தியாரும் கழுவாத கிளாசும்

தாமிரபரணிக் கரையில் தோன்றிய தொல்லைகளை ஆண்டுவாரியாகத் தொகுத்தால், பெருவெள்ளத்துக்கு அடுத்த இடம் அலையாத்தியாருக்குத்தான். பாளையங்கோட்டையில் ஒரே மாடியில் அவரோடு குடியிருந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் மலையிறங்கிய ஆண்டு அது.

ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலுக்குப் போய், சேற்றில் இறங்கி, அலையாத்தி மரத்து இலை பறித்து வருவார்; அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். இலைக்குள் வாழும் பாக்டீரியாவிலிருந்து ஆன்டிஆக்சிடன்ட் கிடைக்குமா என்பது ஆராய்ச்சி. வெளிக்கிருமி ஒட்டக் கூடாதென்று ஒவ்வோர் இலையையும் ஸ்பிரிட்டில் கழுவுவார், பிளீச்சிங் தண்ணீரில் கழுவுவார், மறுபடியும் கழுவுவார். எனக்குக் குளிக்கத் தண்ணீர் மிஞ்சாது. ஆன்டிஆக்சிடன்ட் இருந்தால் மஞ்சளாக மாறிக் காட்டிக்கொடுக்கும் ஊதா மருந்து ஒன்று வைத்திருந்தார்; அதற்கு வெளிச்சம் ஆகாது. எனவே விளக்கும் கிடையாது. அந்த இருட்டில் பற்பசை என்று நான் தேய்த்தது எது என்று இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை.

சேற்று நாற்றம் கீழே இறங்கியதும் வீட்டுக்கார அண்ணாச்சி மேலே ஏறி வந்தார்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணும் வே!”

“வேலை பாதியில கெடக்கு அண்ணாச்சி. இந்தச் சேத்தோட என்னைய யாரு சேப்பா? இலைக்குள்ள கிருமி சும்மா குடியிருக்கல. செடியக் கெட்டுப்போகாமக் காக்குது.”

“நீரும்தான் குடியிருக்கீரு. என் வீட்டுக்கு என்னத்தக் காக்குதீரு?”

கடைசியில் ஒரு பந்தயம். கிருமிச் சாறு பட்டு ஊதா மருந்து மஞ்சளானால் அலையாத்தியார் இருக்கலாம். அண்ணாச்சியே தம் வீட்டிலிருந்து இரண்டு கிளாஸ் கொண்டுவந்தார். இரண்டிலும் மருந்து, ஒன்றில் மட்டும் சாறு. அரை மணி நேரம் மூவரும் இருட்டில் கொசு அடித்தோம்.

விளக்கைப் போட்டால் இரண்டும் மஞ்சள்!

“கெட்டிக்காரக் கிருமிதான் வே! இங்கனயே இரும்” என்றார் அண்ணாச்சி.

நான் அலையாத்தியாரின் காலை மிதித்தேன். மனிதர் வாயை மூடினால்தானே!

“இது செல்லாது அண்ணாச்சி. சாறு ஊத்தாத கிளாஸ் ஊதாவாத்தான் இருக்கணும். இதுல முன்னால என்ன குடிச்சிய?”

“எலுமிச்சை ஜூஸு.”

“அதான். எலுமிச்சையும் இதே வேலையத்தான் செய்யும்.”

“இலையை அந்தக் கழுவு கழுவுதீரே, இதைக் கழுவினா என்ன வே?” என்று பல்லைக் கடித்தேன்.

“பெரியவுக எடுத்துத் தந்த கிளாஸ அவுக முன்னாலயே கழுவுனா மரியாதையாவா இருக்கும்?”

செல்லாது என்றால் ஜெயிக்கவில்லை என்றுதானே அர்த்தம், பந்தயம் பந்தயம்தான் என்றுவிட்டார் அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை மூட்டை கட்டினோம். ஆம், நானும்தான். அடுத்துப் பார்த்த வீட்டில், வெயில் வராத அறை இருக்கிறதா என்று முதலில் கேட்டது நான்.