நீலச்சோளப் பானையும் சாம்பல் அண்ணையும்

பலெர்மோவில் பேயைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். பேய் கூப்பிட்டால் "ஓம், வாறன்" என்று மரியாதையாகப் பதில் சொன்ன ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, சாம்பல் அண்ணைதான்.

அங்கே போர்கோ வெக்கியோ பகுதியில் நானும் நண்பன் யூட்டும் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு ஒரு மழைநாளில் வந்து சேர்ந்தார். மன்னார்க்காரர். அதுவரை ஒரு வயதான இத்தாலிய அம்மாவின், சிக்னோராவின், வீட்டோடு தங்கி அவரைப் பராமரித்தவர். சிக்னோரா இறந்ததும் வேலையும் போனது, படுக்கையும் போனது. கையில் உடுப்புப் பை ஒன்று, நீலச்சோளக் குறுணல் மூட்டை ஒன்று, மூடி இறுகிய தகரப் பேணி ஒன்று. பேணிக்குள் சாம்பல். அந்த நிமிடமே பெயர் வைத்தாயிற்று. சொந்தப் பெயரை நாங்கள் கேட்கவேயில்லை.

சோளம் சாயம் பூசியதல்ல. சிக்னோராவின் தம்பி அமெரிக்காவில் பழைய விதையைக் கலப்பில்லாமல் காப்பாற்றி விளைவிக்கிறாராம். ஞாயிறு மத்தியானம் அண்ணை அதைக் களியாகக் கிண்டுவார். முதலில் அழுக்குத் தண்ணீர் நிறத்தில்தான் இருக்கும். பேணியிலிருந்து ஒரு சிட்டிகை போட்டதும் அடியிலிருந்து நீலம் கிளம்பி வரும். ருசியில் குறை சொல்ல முடியாது. ஆனால் நீல நிறத்தில் சாப்பிட்டுப் பழகிய வயிறா நம்முடையது?

அதையாவது கண்ணை மூடிக்கொண்டு விழுங்கலாம். களி இறுகி வரும்போது பானை மூச்சு விடும். "ப்ஹூ..." என்று நீளமாக, நோயாளி விடுவதுபோல.

"ஓம் சிக்னோரா, வாறன்," என்பார் அண்ணை, பானையைப் பார்த்து. பிறகு முதல் தட்டை யன்னலோரக் கதிரையில் வைத்து, "சூடு ஆறீட்டுது, சாப்பிடுங்கோ" என்பார். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவித் திரும்பினால் அந்தத் தட்டு வெறுமையாக இருக்கும். கடற்புறாவின் வேலை என்றேன் நான். யன்னல் பூட்டியிருந்ததை யூட் விரலால் காட்டினான்.

ஒருநாள் யூட் என்னைக் குளியலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினான்.

"மச்சான், அந்த சிக்னோராவைப் புதைக்கேல்லையாம். எரிச்சதாம்."

"அதுக்கு?"

"பேணிக்குள்ளை இருக்கிறது ஆற்றை சாம்பலெண்டு நினைக்கிறாய்?"

நான் குழாயைத் திறந்து வாய் கொப்பளித்தேன்.

வீடு யூட்டின் பெயரில். வாசல் மணியில் அண்ணையின் பெயரை ஒட்டினால்தான் நகரசபை ஆள் வந்து பார்த்து வதிவிடத்தைப் பதிவார். வதிவிடம் இல்லாவிட்டால் பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. நாட்டில் இருக்கவும் முடியாது. "பேர் ஒட்டமாட்டன். இந்த ஞாயிறோட அவர் வெளிக்கிட வேணும்," என்றான் யூட். அண்ணைக்கு வேறு போக்கிடமே இல்லை.

அந்த ஞாயிறும் பானை ஏறியது. யூட் வேதக்காரன், கழுத்தில் சிலுவை. ஆனாலும் பேய் என்று வந்துவிட்டால் நம்மவர் கை தேசிக்காயைத்தான், எலுமிச்சையைத்தான், தேடும். கபோ சந்தையில் வாங்கியதை இரண்டாக வெட்டி, அண்ணை உப்பெடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, "மாதாவே!" என்று பானைக்குள் பிழிந்தான்.

நீலம் சிவந்தது. காயத்தில் இரத்தம் கசிவதுபோல வட்டம் வட்டமாக, எங்கள் கண் முன்னாலேயே சிவந்தது. அந்தச் சிவப்புக்குள்ளிருந்து பானை "ப்ஹூ..." என்றது. யூட் பாய்ந்து மேசைக்கடியில் புகுந்தான். அங்கே நான் ஏற்கெனவே இருந்தேன்.

அண்ணை பானையை எட்டிப் பார்த்தார். "என்ன தம்பிமார், புளி விட்டனீங்களோ?" பேணியைத் திறந்து தூவினார். சிவப்பு நுரைத்துப் பொங்கி, அடங்கி, மறுபடி நீலமானது. "புளி பட்டாச் சிவக்கும், சாம்பல் பட்டா நீலமாகும். சிக்னோரா காட்டித் தந்தவ."

"அது ஆற்றை சாம்பல் அண்ணை?" என்றான் யூட், கீழேயிருந்து.

"கபோவிலை பாண் சுடுற போறணை இருக்கெல்லே, அங்கை பாதாம் விறகு எரிச்ச சாம்பல். நீங்கள் என்னெண்டு நினைச்சனீங்கள்?"

நான் மேசைக்கடியிலிருந்து தலையை வெளியே நீட்டினேன். "அப்ப ஏன் பானைக்கு மறுமொழி சொல்லுறியள்?" என்று கேட்டேன்.

அகப்பையைக் கீழே வைத்தார். "கடைசிக் காலத்திலை அவவுக்குக் கதை வராது. இப்பிடி மூச்சு விட்டுத்தான் என்னைக் கூப்பிடுவா. அண்டைக்கும் கூப்பிட்டவ. விட்டிட்டுப் போனா களி கட்டிபட்டுப் போகுமெண்டு, 'ஓம், வாறன், வாறன்' எண்டு கிண்டிக்கொண்டு நிண்டிட்டன். பிறகு போய்ப் பாத்தா..." கையை விரித்தார். "வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போகேல்லைத் தம்பி."

யூட் எழுந்து கடதாசியும் பேனையும் தேடி எடுத்தான். "உங்கடை முழுப்பேர் என்னண்ணை? மணியிலை ஒட்ட வேணும்." எழுதி முடிக்க இரண்டு வரி பிடித்தது. அவருக்கு அவ்வளவு நீளமான பெயர் இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

பெர்மெஸ்ஸோ கிடைத்து, அண்ணை இப்போது இத்தாலியின் வடக்கே ஒரு ஊரில் இன்னொரு முதியவரைப் பராமரிக்கிறார். பாதி மூட்டையும் பேணியும் எங்களிடம். மணியிலிருந்து பெயரை உரிக்க யூட் விடுவதில்லை. சில ஞாயிறுகளில் அண்ணை போன் எடுப்பார். சுகம் விசாரிக்கும் வழக்கமில்லை. "இறுகி வருதோ?" என்பார். போனைப் பானைக்குக் கிட்டப் பிடிப்பேன். பானை "ப்ஹூ..." என்னும். போன் "ஓம் சிக்னோரா, வாறன்" என்னும்.

போன் வராத ஞாயிறுகளில் யன்னலோரம் இரண்டு தட்டு வைக்கிறோம், ஒன்று சிக்னோராவுக்கு, ஒன்று அண்ணைக்கு. கை கழுவித் திரும்பினால் சிக்னோராவின் தட்டு வழக்கம்போல வெறுமையாக இருக்கும். நாங்கள் முதலில் பார்ப்பது அண்ணையின் தட்டைத்தான். தொட்டபாடில்லாமல், ஆறிப்போய், வைத்தபடியே இருக்கும். மனுசன் உயிரோடு சுகமாகத்தான் இருக்கிறார் என்று யூட்டும் நானும் அதைப் பாதி பாதியாகச் சாப்பிடுவோம்.