ஆறு மாடி இறங்கிய பாதுகாப்புப் படிவம்

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஊருக்கெல்லாம் பாதுகாப்பு விதி வாசித்துக் காட்டுகிறவர்களில் பாதிப் பேர் அந்த விதிகளைக் காதில் வாங்கியதே இல்லை. அந்தக் கூட்டத்துக்கு நான்தான் தலைவி.

அப்போது ரங்கூனில், போட்டாதாங் பக்கம் ஒரு கேஸ் கடையில் வேலை பார்த்தேன். கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும் என்பதால் வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அடுப்பையும் சிலிண்டரையும் பொருத்துவது கடையின் பர்மிய மெக்கானிக் கோ மின்னின் வேலை. கூடப் போய் விதிகளை வாசித்து, படிவத்தில் பன்னிரண்டு கட்டத்துக்கும் டிக் போட்டு, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குவது என் வேலை. (ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் நடை மட்டும் என்ஜினியர் நடை.)

ஒருநாள் சரவணன் வீட்டிலிருந்து ஆர்டர் வந்தது. நானும் சரவணனும் கல்யாணம் செய்துகொள்வதென்று எங்களுக்குள் முடிவு செய்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவனுடைய அம்மா கமலா அத்தை மட்டும் பிடிகொடுக்கவில்லை. "அந்தப் பொண்ணே வந்து மாட்டிக் குடுக்கட்டும். வேலை செய்யற அழகைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாராம்.

அன்று காலை எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அத்தை முன்னால் தடுமாறிவிடக் கூடாதே என்று, டீக்கடையில் உட்கார்ந்தே பன்னிரண்டு கட்டத்துக்கும் டிக் போட்டு முடித்தேன். 'சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு சோதிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் கொஞ்சம் பெரிய டிக். (சோதிக்க வேண்டிய சிலிண்டர் அப்போதுதான் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டிருந்தது.)

ஆறாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அத்தை கோலம் போட்டு, புதுப் பாத்திரத்தில் பால் ஊற்றித் தயாராக இருந்தார். நல்ல நேரம் பத்தரைக்கு முடிகிறது. கோ மின் பொருத்தப் பொருத்த, நான் கணீரென்று வாசித்தேன். கசிந்தாலோ தீப்பிடித்தாலோ வால்வை மூடவும், ஜன்னலைத் திறக்கவும், பதற்றப்படாமல் எல்லாரையும் வெளியே அனுப்பவும். அந்தப் 'பதற்றப்படாமல்' வந்தபோது ஒரு நிமிஷம் நிறுத்தி அத்தையைப் பார்த்தேன்.

கடைசியில் பார்த்தால் சோப்புத் தண்ணீர் பாட்டிலைக் காணோம். "மா செல்வி, அது கீழே சைக்காவிலயே இருக்கு. நான் வர்ற வரைக்கும் நெருப்பு வேணாம்" என்று என்னிடம் பர்மியில் சொல்லிவிட்டுக் கோ மின் இறங்கிப் போனார்.

மணி பத்து இருபத்தைந்து.

"நேரம் போகுதேம்மா. பத்த வைக்கலாமா?" என்றார் அத்தை.

"தாராளமா. எல்லாம் சோதிச்சாச்சு, பாருங்க" என்று படிவத்தை நீட்டினேன்.

"கோ மின் என்னமோ சோப்புத் தண்ணின்னாரே?"

"அது சும்மா ஒரு சடங்குக்கு, அத்தை."

அதோடு விட்டேனா? வரப்போகிற மருமகளுக்குப் பக்தியும் உண்டு என்று காட்ட வேண்டாமா? தட்டில் சூடம் ஏற்றிப் புது அடுப்புக்குக் காட்டினேன். அடுப்போடு நிறுத்தியிருக்கலாம். சிலிண்டருக்கும் மூன்று சுற்று சுற்றப் போனேன். இரண்டாவது சுற்றில் ரெகுலேட்டர் பக்கம் 'பஃப்' என்று ஒரு சத்தம். சுண்டுவிரல் நீளத்துக்கு நீலமாக ஒரு தீ.

அப்புறம் எனக்கு நினைவிருப்பது படிக்கட்டு மட்டும்தான். மூன்றாவது மாடியில், பாட்டிலோடு ஏறி வந்த கோ மின்னை இடித்துத் தள்ளிவிட்டு இறங்கினேன். தெருவில் வந்து நின்றபோது ஒரு காலில்தான் செருப்பு. நெஞ்சோடு அணைத்தபடி படிவ ஃபைல். மாமியாராக வேண்டியவரை நெருப்போடு விட்டுவிட்டுக் காகிதத்தைக் காப்பாற்றியிருக்கிறேன்! வெட்கத்தில் நிஜமாகவே அழுதேன். அத்தைக்கு என்ன ஆயிற்றோ என்று அழுதுகொண்டே திரும்ப ஏறினேன்.

மேலே தீ இல்லை. ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. கோ மின் ரெகுலேட்டரைக் கழற்றி வாஷரை மாற்றிக்கொண்டிருந்தார். அத்தை நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஈரத்துணியச் சுத்தி வால்வ மூடினேன். ஜன்னலத் திறந்தேன். நீ வாசிச்சதுதான்" என்றார். "எல்லாரையும் வெளிய அனுப்பணும்னும் ஒண்ணு இருந்துச்சு. அதை நீயே பாத்துக்கிட்டே."

அதற்குப் பதிலாக ஒரு அறை விட்டிருக்கலாம்.

பிறகு ஃபைலை வாங்கிப் படிவத்தைப் புரட்டினார். "இந்த டிக்கெல்லாம் எப்பப் போட்டே?"

பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எப்படியோ விழுங்கினேன். "காலையில... டீக்கடையில."

கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். அத்தை படிவத்தை நான்காகக் கிழித்தார். "புதுசா ஒண்ணு எடு. நடந்ததை நடந்தபடி எழுது. அப்பத்தான் கையெழுத்து."

கோ மின் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வரவில்லை என்று காட்டிய பிறகு, ஒவ்வொரு கட்டமாக டிக் போட்டேன். 'சம்பவம் ஏதேனும்' என்ற இடத்தில், "சோதனைக்கு முன் சூடம் காட்டியதால் தீ. காரணம்: படிவம் நிரப்பியவர்" என்று எழுதினேன். அத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பால் பொங்கும்போது மணி பதினொன்றே கால். நல்ல நேரம் எப்போதோ போய்விட்டிருந்தது.

சாயங்காலம் சரவணனிடம் சொன்னாராம்: "ஓடிப் போனா, ஆனா திரும்பி வந்துட்டா. ஆறு மாடிடா. கேட்டதும் உண்மையும் சொன்னா. நமக்கு இது போதும்."

இப்போது அதே ஆறாவது மாடியில்தான் குடியிருக்கிறேன், குறையொன்றும் இல்லாமல். எங்கள் மகளுக்குப் பர்மிதான் சரளம்; தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் வெள்ளிக்கிழமை பூஜையில் அத்தை தீக்குச்சியைக் கையில் எடுத்ததும், அவள் ஓடிப்போய் வாசல் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு எழுத்துப் பிசகாமல் தமிழில் சொல்கிறாள்: "பாட்டி, கொஞ்சம் இருங்க. அம்மா முதல்ல இறங்கட்டும்."