பச்சைச் சுவருக்குப் பகைவன் தேடிய படலம்

மலைமுகட்டு மேகங்காள், சற்றே விலகி வழிவிடுக! பைன்மரக் கூட்டங்காள், சலசலப்பை நிறுத்துக! காக்கிச் சட்டை கவசமாகவும் கம்பளிக் குல்லாய் மணிமுடியாகவும் விசில் வெற்றிச்சங்காகவும் விளங்க, போளூர்ச் சாலை விடுதியின் வாயில் காக்கும் கேட்டுக்கோமான், புகைக்குலகாலன், செல்வமுருகன் புகழ் பாடத் துணிந்தோம். நாலு மணிக்குள் முடித்துவிடுகிறோம்.

வாயில் மட்டுமா காத்தான் அவ்வீரன்? தூரதேசத்து நகரமொன்றில், பாசிநீர் நிரம்பிய கண்ணாடிச் சுவர் வண்டிப்புகையை உண்டு நற்காற்றை உமிழக் கண்டு மதிமயங்கிய முதலாளி, அத்தகையதொரு பசுஞ்சுவரைத் தம் விடுதி முகப்பில் மூன்று மாடி உயரத்துக்கு எழுப்பியிருந்தார். அடிக்குழாய் காற்றை இழுக்கும். உச்சிக்குழாய் வெளியே விடும். இடையே கோடானுகோடிப் பாசிப் பெரும்படை அழுக்கைத் தின்று கொழுக்கும். அப்படைக்குத் தளபதியாக நியமிக்கப்பட்ட செல்வமுருகன், பதவி தலைக்கேறி, விடுதியின் பின்கொட்டகையில், விற்கும்வரை கெடாதிருக்க மலைப்பூண்டைக் கட்டித் தொங்கவிட்டுக் கீழே புகை போட்டுக்கொண்டிருந்த அன்னக்கொடிமேல் படையெடுத்தான். "இனிமே இங்க புகைங்கிற பேச்சே இருக்கப்படாது!" என்று முழங்கி, ஒரு வாளித் தண்ணீரில் அவ்வெரிதழலை அவித்தான். பூண்டும் சேர்ந்து நனைந்தது.

அந்தோ, அவ்வெற்றியே வினையாயிற்று! மதுரையிலிருந்து அளவுகருவியும் கையுமாக வந்த பொறியாளர் ரோகிணி, அடிக்குழாயிலும் உச்சிக்குழாயிலும் காற்றின் அழுக்கை அளந்து பார்த்தாள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. "இந்தக் காத்துல திங்கிறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க. நாளைக்கு நாலு மணிக்குக் கடைசியா ஒருக்கா பாக்குறேன். அப்பவும் இப்படியே இருந்தா சுவரைக் கழட்டிரலாம்" என்று தீர்ப்பளித்தாள். சுவர் போனால் தளபதியும் போக வேண்டியதுதான். மகளின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை எல்லாமே அந்தப் பச்சைத் தண்ணீரில்தான் மிதந்துகொண்டிருந்தன.

படையுண்டு, தளபதியுண்டு, பகைவன் இல்லை! மறுநாள் வெள்ளனே எழுந்து, புகைதேடிப் புறப்பட்டான் புகைக்குலகாலன். சீசன் முடிந்த சாலையில் இரண்டு மணிநேரம் காத்து நின்றான். வந்த ஒற்றை மினிபஸ்ஸும் இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருண்டு போயிற்று. ஊதுவத்தி ஒரு கட்டு கொளுத்தினான். காற்று அதைப் பள்ளத்தாக்குக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மணி மூன்றானபோது மணிமுடியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொட்டகை வாசலில் போய் நின்றான்.

"யக்கா, கொஞ்சம் புகை வேணும்ங்க."

"ஏலே, தண்ணிய ஊத்தி அணைச்சது ஒன் கைதானே? பாதிப் பூண்டு ஊறிப்போய்க் கெடக்கு. எனக்குச் சோலி இருக்கு, போ."

"சுவரு போனா என் பொழப்பும் போச்சுக்கா" என்றான். அன்னக்கொடி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மலையதிர அறிவித்தாள்: "என் புகை வந்தா என் பூண்டும் கூடவே வரும். வெரசா அந்த டிரம்மத் தூக்கு!"

எழுந்தது காண் புகை! தைலமர இலையும் ஈரவிறகும் திணித்த தகர டிரம், அடிக்குழாயின் வாயருகே கரும்பூதமெனக் கனைத்தது. விடுதி முகப்பெங்கும் பூண்டுத்தோரணம் ஆடியது. நாள்பட்ட பசியோடு கிடந்த பாசிப்பெரும்படை, பந்தியில் முதல் வரிசை கிடைத்தவர்களைப் போல் உள்ளே வந்ததையெல்லாம் விழுங்கியது. சரியாக நாலு மணிக்கு ரோகிணி அளந்தாள். அடியில் நானூறு, உச்சியில் அறுபது! தோரணத்தையும் டிரம்மையும் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தவள், "எங்கருந்து வந்தா என்ன, தின்னது நிஜந்தான்" என்று சிரித்தபடியே எழுதிக்கொண்டாள். செல்வமுருகன் மகிழ்ச்சியில் அழுதான்; பழியைப் புகையின்மேல் போட்டான்.

முதலாளியோ பூரித்து, அந்த எண்களைப் பலகையில் பொறித்து வாயிலில் நாட்டி, நாள்தோறும் இவ்வெற்றி விருந்தினர் காண நிகழ்ந்தே தீர வேண்டுமென ஆணையிட்டார். அன்னக்கொடி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

இப்போது தினமும் நாலு மணிக்குப் பூண்டுக்குப் புகை போடுவது செல்வமுருகன்தான்.