மாப்பிள்ளையை மேய்க்கத் தெரிந்தவர்கள்

வேலைக்கு வந்திருந்த விண்ணப்பம் ஒன்றே ஒன்று. அதுவும் அவனுடையது.

"மூணு பேராவது போட்டிருக்கணும் சார். இல்லன்னா தேர்வுக் குழுவைக் கூட்ட முடியாது. மூணு வாரம் நீட்டித் தர்றேன், அதுக்கு மேல என்னால ஆகாது" என்றார் ஆராய்ச்சிப் பிரிவு அலுவலக அம்மா.

அவன் யாரை நொந்துகொள்வது? அவனுடைய ஒப்பந்தம் முடியப்போகிறதே என்று பேராசிரியர் பெரிய மனசு பண்ணி, "உன் வேலைக்கான விளம்பரத்தை நீயே எழுதிக்கோய்யா" என்றிருந்தார். அந்த இயற்பியல் துறையில் அதுதான் வழக்கம். அவனும் தன் அளவுக்கே சட்டை தைத்துக்கொண்டான். முனைவர் பட்டம் வேண்டும், அடித்தளத்துக் குளிர்விப்பு எந்திரத்தை இயக்கிய அனுபவம் கட்டாயம்.

அந்த எந்திரத்துக்கு மாப்பிள்ளை என்று பெயர். ஒரு வால்வைக் கால் சுற்று கூடுதலாகத் திருப்பிவிட்டால் போதும், முறுக்கிக்கொண்டு நாலு நாள் குளிராது. ஆறு வருடமாக அதைத் தாஜா பண்ணியே அவனுக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது.

"அட்டைப்பெட்டி வாங்கட்டுமா, வேணாமா?" என்றாள் மனைவி. வேலை போனால் பல்கலைக்கழகக் குடியிருப்பும் போகும். "பாப்பாவுக்கு இப்பதான் பக்கத்துல ஸ்கூல் கிடைச்சிருக்கு. அதையாவது நினைச்சுப் பாருங்க."

அவன் அதைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை.

மறுநாளே பொறியியல் பிரிவு நெட்டையையும் லேசர் அறைக்காரியையும் பிடித்தான். இருவருக்கும் இன்னும் மூன்று வருடத்துக்கு வேலை உண்டு.

"பேருக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கப்பா, புண்ணியமாப் போகும்."

போட்டார்கள். இரண்டும் திரும்பி வந்தன. எந்திர அனுபவம் இல்லையாம்.

"அவ்வளவுதானே?" என்று இருவரையும் அடித்தளத்துக்கு இழுத்துப்போனான். இரண்டு வாரம் வால்வு வால்வாகச் சொல்லிக்கொடுத்து, 'தனியாக இயக்க வல்லவர்' என்று தானே சான்றிதழும் எழுதிக் கையெழுத்திட்டு, மறுபடி விண்ணப்பிக்க வைத்தான்.

அடுத்த தலைவலி அங்கே பிறந்தது. லேசர் அறைக்காரியிடம் மாப்பிள்ளை பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடந்தான். இவன் ஆறு வருடத்தில் தொடாத குளிரை அவள் பத்தே நாளில் தொட்டுவிட்டாள்.

அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "நேர்காணல்ல ரெண்டு பேரும் உளறணும். எனக்கு சத்தியம் பண்ணிக் குடுங்க."

"அது எங்களுக்குக் கை வந்த கலைடா" என்றான் நெட்டை.

சொன்னபடியே உளறினார்கள். நெட்டை வெப்பத்துக்கும் குளிருக்கும் வித்தியாசம் மறந்துபோனதாகச் சொன்னான். லேசர் அறைக்காரி கேள்விக்கெல்லாம் தும்மினாள்.

கடைசியாக அவன் போனான். குழுத் தலைவர் சான்றிதழ்களைப் புரட்டினார். "இது உங்க கையெழுத்துதானே? நிஜமாவே ஓட்டுவாங்களா? இங்க ரெண்டு பேரும் ஒரு மாதிரி பேசினாங்களே!"

பொய்ச் சான்றிதழ் என்று வந்துவிட்டால் கதை கந்தலாகிவிடும்.

"பதட்டத்துல பேசியிருப்பாங்க சார். எந்திரத்துகிட்ட விட்டுப் பாருங்க, என்னை மாதிரியே ஓட்டுவாங்க!"

தலைவர் முகம் மலர்ந்தது. அவன் வெளியே வந்ததும் மனைவிக்கு அழைத்து, "பெட்டி வேணாம்" என்றான்.

மாலையில் அலுவலக அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

"வேலை யாருக்கும் இல்ல சார். அந்த மெஷினை ஓட்ட வேற ஆளே இல்லன்னுதான் இந்த வேலையையே உண்டாக்கினாங்க. இப்ப, ஏற்கெனவே சம்பளத்துல இருக்கிற ரெண்டு பேரே ஓட்டுவாங்கன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களே!"