ஒரு கிலோகூட இல்லாத லேப்டாப் குறித்து மாமாவுக்கு

பெங்களூரில் வாழும், எங்கள் அம்மாவுக்கு ஒரே தம்பியும் எனக்கு ஒரே தாய்மாமனுமாகிய திரு. நிரஞ்சன் அவர்களின் சமூகத்துக்கு, மயிலாப்பூரிலிருந்து மருமகன் விக்கி வணங்கி எழுதிக்கொள்வது. அப்பாவின் இடது தோள் நீங்கலாக இங்கு அனைவரும் நலம். அங்கு தாங்களும் அத்தையும் தங்கள் மாதத் தவணைகளும் நலமாக இருக்க கபாலீஸ்வரரை வேண்டுகிறேன்.

முதற்கண் ஒரு முக்கியச் செய்தி. நமது பாத்திரக் கடையின் தராசில் வைத்த ஒரு பொருள் எடை குறைவாக இருந்தும், அதற்காக யாரும் திட்டு வாங்காத நிகழ்வு, கடை வரலாற்றிலேயே முதன்முறையாகச் சென்ற வாரம் நடந்தேறியது. அந்தப் பொருள், தாங்கள் அனுப்பிவைத்த லேப்டாப். யாரும் திட்டு வாங்காததற்குக் காரணம், அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை என்பதே.

இதை வாட்ஸாப்பில் சொல்லியிருப்பேன். தங்களுக்கு பிரமோஷன் என்று குடும்ப குரூப்பில் நான் விளையாட்டாகப் போட்ட ஒரு சாதாரணச் செய்திக்காக, நாற்பது பேர் பார்ட்டி கேட்டுவிட்டார்கள் என்று தாங்கள் என்னை பிளாக் செய்துவிட்டபடியால், மெயில். அப்பாவும் பேசமாட்டேன் என்கிறார். "போன் பண்ணா உங்க மாமன் கிளாஸ் எடுப்பான், எனக்குத் தெம்பு இல்ல. நீயே விவரமா எழுதிப் போடு" என்று சொல்லிவிட்டார். இந்த ஒரு வாரமாகத் தெம்பு இந்த வீட்டில் யாருக்குமே இல்லை மாமா.

தங்கள் நிபந்தனை ஞாபகம் இருக்கிறது. பிசினஸுக்கு ஒத்து வருகிறதா என்று பத்து நாள் வைத்துப் பார்ப்பது, ஒத்து வந்தால் அப்பா தங்களுக்குப் பணம் கொடுத்துவிடுவது, ஒத்து வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சென்னை வரும்போது வாங்கிக்கொண்டு போய்க் கடையில் திருப்பிவிடுவது, ஒரே ஒரு கீறல் விழுந்தாலும் கடைக்காரன் திரும்ப எடுக்கமாட்டான். அன்று முதல் அதற்கு மெய்க்காப்பாளன் அடியேன்தான். மேலே ஒட்டியிருக்கும் கண்ணாடித் தாளைக்கூட உரிக்கவில்லை. அம்மா அதைத் தூசு தட்டப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினேன். ஒரு கீறல் இல்லை, ஒரு ரேகை இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் இருக்கிறது.

இதன் நல்லது கெட்டதை எடைபோட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். அப்பா அப்படியே செய்தார். பெட்டியைப் பிரித்துக் கையில் எடுத்ததும், "சாமான் எங்கடா?" என்று பெட்டிக்குள் மறுபடி தேடினார். இதுதான் சாமான் என்றேன். நேரே கொண்டுபோய்த் தராசில் வைத்தார். ஒரு கிலோகூட வரவில்லை. அவர் பிறந்ததிலிருந்து பார்த்த கணக்கு என்ன, கனமாக இருந்தால் விலை அதிகம், லேசாக இருந்தால் அது தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்கிற டப்பா. கனம் குறையக் குறைய விலை ஏறுகிற ஒரு உலோகப் பொருளை அவருக்குப் புரியவைக்க நான் ஒரு சாயங்காலம் முழுக்கப் பாடுபட்டேன். கடைசியில், "அப்ப ஒண்ணுமே இல்லாம வெறும் கைய நீட்டினா அதுக்கு எவ்ளோ கேப்பான்?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் கல்லாப் பக்கத்தில் அதை மூடி வைத்திருந்தோம், லஸ்ஸிலிருந்து வந்த ஒரு அம்மா எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த ட்ரே கிலோ என்ன விலைப்பா? கைப்பிடி வேற இல்ல" என்று கேட்டாங்க, அப்பா சலிப்புல உண்மையான விலையச் சொல்லிட்டாரு, அந்தம்மா எடுத்து வெச்சிருந்த ரெண்டு இட்லிக் குண்டானையும் அப்படியே வெச்சிட்டுப் படி இறங்கிட்டாங்க. "ஒரு வியாபாரம் போச்சு. இது பிசினஸ் லேப்டாப்பாம்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா, "என் தம்பி வாங்கினது எதுதான் ஒழுங்கா இருந்திருக்கு" என்றாங்க. நான் எழுதல மாமா, அவங்க சொன்னது.

ஆனா ஒண்ணு சொல்லணும். பழைய லேப்டாப், அதோட செங்கல் மாதிரி சார்ஜர், மாதிரிக்கு நாலு கரண்டி, ரெண்டு மூடி, எல்லாத்தையும் ஒரே பையில இடது தோள்ல மாட்டிக்கிட்டு அப்பா கேட்டரிங்காரங்களப் பாக்க அடையாறு, திருவான்மியூர்னு அலையறது உங்களுக்கே தெரியும். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டதுல பாதி தூரம் நடைதான். ராத்திரி தைல வாசனை வராம எங்க வீட்ல யாரும் தூங்கினதே இல்ல. புதன்கிழமை புதுசத் தூக்கிக்கிட்டு அடையாறுல கேட்டரிங் பண்ற அப்துல் கய்யூம் பாய் கிட்ட கிளம்பினோம், புதுக் கிச்சனுக்கு அண்டா, தேக்சா எல்லாம் வாங்கறாரு, பெரிய ஆர்டர். மந்தைவெளி தாண்டினதும் அப்பா திடீர்னு, "நிறுத்துப்பா, பைய விட்டுட்டேன்"னு ஷேர் ஆட்டோவ நிறுத்திட்டாரு. இறங்கி நடுரோட்டுல நின்னு தேடறாரு. பை தோள்லயே இருக்கு. அதுக்கப்புறம் அடையாறு வரைக்கும் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே வந்தாரு. மடியில வெச்சா இருக்கிறதே தெரியாம எழுந்திடுவாருன்னு பைய நான் பிடிச்சுக்கிட்டேன்.

பாய் கிட்ட அண்டா படத்தத் திறந்து காட்டினாரு. பாய் கொஞ்ச நேரம் பாத்துட்டு, விரல மடக்கி ஸ்கிரீன்ல டொக் டொக்னு ரெண்டு தட்டு தட்டினாரு. எனக்கு உயிரே போச்சு.

"சத்தமே வரலியேண்ணே" என்றார் பாய்.

"அது படம் பாய்."

"படத்த வெச்சு நான் பிரியாணி போட முடியுமா?"

"சாமான நாளைக்கு அனுப்பறேன், தட்டிப் பாத்து எடு. இப்ப அளவச் சொல்லு, விலைய இங்கயே போட்டுத் தரேன்."

பாய் அளவ மாத்திக்கிட்டே இருந்தாரு, அப்பா விலைய மாத்திக்கிட்டே இருந்தாரு, நடுவுல கரண்ட் போச்சு, பழசா இருந்தா அதோட கதை முடிஞ்சிருக்கும், இது பாட்டுக்கு ஓடிச்சு. ஆர்டர் கிடைச்சிடுச்சு. திரும்பி வரும்போது அப்பா ரெண்டு தோளும் ஒரே மட்டத்துல நடந்து வந்தாரு. அன்னிக்கு ராத்திரி வீட்ல தைல வாசனை இல்ல.

இருந்தாலும் தீர்ப்பு மாறவில்லை. "தராசுல நிக்காத பொருளுக்கு அவ்ளோ காசு கொடுத்தேன்னு தெரிஞ்சா மார்க்கெட்ல சிரிப்பாங்க. திருப்பிடச் சொல்லு" என்கிறார். சொல்லும்போது முகம் என்னைப் பார்க்கவில்லை, லேப்டாப்பைப் பார்த்தது. அதற்குமேல் வாதாட எனக்கும் தெம்பில்லை. இன்னொரு காரணமும் உண்டு. முன்பு நம் கடையில் வாங்கின காபி ஃபில்டரைப் பெயர் வெட்டின பிறகு தாங்கள் திருப்பிக் கொடுக்க வந்தீர்களே, கல்லாவுக்கு மேலே தொங்கும் "பெயர் வெட்டிய சாமான்கள் திரும்ப எடுக்கப்படமாட்டா" போர்டை அப்பா விரல் நீட்டிக் காட்டினாரே. அன்றிலிருந்து உங்கள் விஷயத்தில் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று அவருக்கு ஒரு வைராக்கியம்.

ஆகவே ஞாயிறன்று வந்து, வந்தது வந்தபடி, புத்தம் புதிதாக என் கையால் பெற்றுக்கொள்ளவும். அத்தைக்கு என் வணக்கம். தாங்கள் நீடூழி வாழவும், சீக்கிரம் என்னை அன்பிளாக் செய்யவும் பிரார்த்திக்கும்,

தங்கள் மருமகன்
விக்கி

பின்குறிப்பு: மாமா, மேலே உள்ளது வெள்ளிக்கிழமை எழுதியது. இது சனிக்கிழமை. அனுப்புவதற்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம்.

அவ்வளவு டைப் அடிச்ச களைப்புல, கொஞ்சம் சிரிக்கலாமேன்னு, லேப்டாப்ப மூடி பேர் வெட்டற மேஜையில வெச்சு, மேல ஒரு சீட்டு எழுதி வெச்சிட்டு ரோஸ்மில்க் குடிக்கப் போனேன். நம்ம கடையில பேர் வெட்டற அய்யாதுரை அண்ணன் பாத்துட்டு, "இன்னாடா தம்பி இது"ன்னு அலறிக்கிட்டு வருவாரு, அதுதான் பிளான். திரும்பி வந்து பாத்தா அவரு அடுத்த சாமான்ல இருக்காரு. மெய்க்காப்பாளன் உரிக்காத தாள அவரே உரிச்சிட்டு, மூடி மேல வெட்டி முடிச்சிருக்காரு.

"அண்ணே, இது ட்ரே இல்லண்ணே."

"தெரியும். சீட்டு இருந்துச்சு, வெட்டினேன். அதுல இன்னா கீது?"

எழுத்து ரொம்ப அழகா வந்திருக்கு மாமா, ரெண்டு பக்கமும் பூ. நடுவுல, நான் சீட்டுல எழுதினபடியே, "தாய்மாமன் நிரஞ்சன் அன்பளிப்பு".

அப்பா கண்ணாடியப் போட்டு ரொம்ப நேரம் படிச்சாரு. திட்டுவார்னு நின்னேன். போர்ட நிமிர்ந்து ஒரு தடவ பாத்தாரு, லேப்டாப்பப் பையில போட்டு இடது தோள்ல மாட்டிக்கிட்டு, "பாய் வெயிட் பண்றாரு, கடையப் பாத்துக்க"ன்னு கிளம்பிட்டாரு.

நீங்க ஞாயித்துக்கிழமை வர வேண்டாம்.